மட்டைக்காரன் நின்ற மேடை

இமாவோகா குடும்பத்தில் பிறந்தவர்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. ஜப்பானில் குருஷிமா ஜலசந்திக்குப் பக்கத்துத் தீவொன்றில், தலைமுறை தலைமுறையாகக் கப்பல்களுக்கு வழி காட்டி வாழ்ந்த குடும்பம் அது. வெள்ளம் வந்த ஆறு போல இரைந்து ஓடும் அந்தக் குறுகிய கடலின் வாசலில், எங்கெங்கோ இருந்து வரும் கப்பல்கள் நங்கூரம் போட்டு அவர்களுக்காகக் காத்து நிற்கும். இமாவோகா வீட்டு ஆள் ஏணியில் ஏறி மேல்தளத்துக்கு வந்துவிட்டால், கப்பல் தலைவன் தொப்பியைத் தொட்டுவிட்டு ஒதுங்கி நிற்பான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் இன்னொருவனிடம் போய் "எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டால், கேட்டவனுக்கு மட்டுமல்ல, கல்லறையில் இருக்கும் பாட்டன்மார்களுக்கும் அது தலைகுனிவு.

அந்த வீட்டு மூன்றாவது மகன் கென்சோ கடலை விட்டு ஆகாயத்துக்குப் போனதில் அவருடைய அப்பாவுக்கு வருத்தம் இருந்தது. கடற்படை விமானத்தில் அவருக்குக் கொடுத்த வேலையும் வழி பார்க்கிற வேலைதான் என்று தெரிந்த பிறகுதான் கிழவர் மகனோடு பழையபடி பேசினார். டார்ப்பிடோ விமானத்தில் ஒருவர் பின் ஒருவராக மூன்று இருக்கைகள். முன்னால் ஓட்டுகிறவன். பின்னால் ரேடியோவையும் துப்பாக்கியையும் பார்த்துக்கொள்கிறவன். நடுவில் முழங்கால் மேல் பலகையை வைத்து, காற்றையும் வேகத்தையும் கணக்கிட்டு, கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போகிறவர் இமாவோகா கென்சோ. விமானத்துக்குத் தலைவரும் அவர்தான். நிமிர்ந்த முதுகோடு ஏறுவார், நிமிர்ந்த முதுகோடு இறங்குவார். நடுவில் எத்தனை மணி நேரம் ஆனாலும் இருக்கையில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

1942ஆம் ஆண்டு மே மாதம், பவளக் கடலில், அந்த முதுகுக்கு ஒரு சோதனை வந்தது.

அன்று மாலை அவர்களுடைய தாய்க்கப்பலான விமானந்தாங்கியில் இருந்து, இருட்டிலும் பறக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள். மேகத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி அடிக்க வேண்டும். தேடினார்கள். கப்பல் கிடைக்கவில்லை, அதன் காவல் விமானங்கள்தான் மேகத்தைக் கிழித்துக்கொண்டு தலையில் வந்து விழுந்தன. சிலர் சுடப்பட்டுக் கடலில் விழுந்தார்கள். மற்றவர்கள் திசைக்கொருவராகச் சிதறி, சுமை குறைய டார்ப்பிடோக்களைக் கடலில் தள்ளிவிட்டு, மழைக்குள் புகுந்து தப்பினார்கள். மழைக்கு மறுபக்கம் வந்தபோது சூரியன் கடலைத் தொட்டிருந்தது. இமாவோகாவின் விமானத்துக்குப் பின்னால் இரண்டு விமானங்கள் ஒட்டிக்கொண்டன. அதில் ஒன்றில் அவரோடு ஒன்றாகப் பயிற்சி பெற்ற ஹிராயாமா இருந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம்." பேசும் குழாய் வழியாக முன்னிருந்து குரல் வந்தது. விமானம் ஓட்டும் குவாதா ஒசாகாக்காரன். குண்டு பாய்ந்த நேரத்தில் மட்டும் வாயை மூடியிருந்தவன், இப்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டான்.

"சொல்."

"பின்னாடி ரெண்டு பேர் வர்றாங்களே, நம்மள நம்பி வர்றாங்களா, இல்ல அவங்களுக்கும் வழி தெரியலையா?"

"ஹிராயாமா என் கோட்டை நம்பி வர்றார். நீயும் நம்பி ஓட்டு."

"நான் எப்பவும் நம்புவேன் ஐயா. எனக்கு வேற போக்கிடம் ஏது?"

பின்னிருக்கையில் நிஷிமே சிரித்தான். ககோஷிமா பக்கத்துக்காரன், பேச்சு மெதுவாக வரும், பசி சீக்கிரம் வரும். "ஐயா, சோத்துருண்டை ஒண்ணு மிச்சம் இருக்கு. உள்ளே ஊறுகாய்ப் பழம் வெச்சது. உங்களுக்கு வேணுமா?"

"வேண்டாம்."

"அப்ப நான்..."

"இந்நேரம் தின்னிருப்பே. பேச்சுக்குக் கேக்குறே," என்றான் குவாதா.

"பாதிதான்," என்றான் நிஷிமே, வாய் நிறையச் சோற்றோடு.

இமாவோகா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். சண்டையில் விமானம் கன்னாபின்னாவென்று திரும்பியிருந்தது. எந்தத் திருப்பத்தில் எவ்வளவு தூரம் போனோம் என்பதை மனதில் வைத்திருந்து, மழைக்குள்ளேயே கூட்டிக் கழித்துக் கோட்டைச் சரி செய்திருந்தார். "நேரே முன்னால பார் குவாதா. கொஞ்ச நேரத்துல கப்பல் தெரியணும்."

தெரிந்தது. அவர் பென்சில் முனை வைத்திருந்த அதே இடத்தில், சாம்பல் நிறக் கடலின் மேல், நீண்ட தட்டையான மேடையும் சுற்றிக் காவல் கப்பல்களுமாக ஒரு விமானந்தாங்கிக் கப்பல். மேலே விமானங்கள் இறங்குவதற்காக வட்டமடித்துக்கொண்டிருந்தன.

"வாய்ல சர்க்கரை போடணும் ஐயா!" என்று கத்தினான் குவாதா. "அவ்ளோ ஆட்டம் ஆடிட்டு வந்தோம், எப்படிங்க சரியா கொண்டுவந்தீங்க?"

"எங்க வீட்ல வழி தவற மாட்டோம்," என்றார் இமாவோகா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் சூடான அரிசி மது ஒரு கிண்ணம் இறங்கியது போல இருந்தது.

நிஷிமே கைவிளக்கை எடுத்து, "இறங்கலாமா?" என்று மினுக்கிக் கேட்டான். கீழேயிருந்து பதிலுக்கு ஒரு விளக்கு மினுக்கியது.

"என்ன சொல்றாங்க?"

"படிக்க முடியலை ஐயா. எழுத்தே கோணல்மாணலா இருக்கு."

"புது ஆள் யாரோ விளக்கைப் பிடிச்சிருக்கான். இன்னொரு தடவை கேள்."

"குடிச்சிருப்பான். நம்ம பங்கையும் சேத்துக் குடிச்சிருப்பான்," என்றான் குவாதா. சக்கரங்களை இறக்கினான், வால் கொக்கியையும் இறக்கினான். இடப்பக்கமாகச் சுற்றிக் கப்பலின் பின்புறத்துக்கு வந்தான். ஹிராயாமாவின் விமானமும் மற்றதும் வரிசையாகப் பின்னால் வந்தன. இன்னும் சில விமானங்கள் அதே வட்டத்தில் சுற்றின. அந்தி வெளிச்சத்தில் அவை வெறும் நிழல்கள். ஒன்றுகூட இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாய்க்கப்பலில் இறங்கும் முறை இதுதான்: மேடையின் இடது ஓரத்தில் சிவப்பு விளக்குகள் ஒரு வரிசை, பச்சை விளக்குகள் ஒரு வரிசை. இரண்டும் ஒரே மட்டத்தில் தெரிந்தால் சரிவு சரி. சிவப்புக்கு மேலே பச்சை போனால் உயரம் அதிகம். கீழே இறங்கினால் தாழ்ந்துவிட்டோம். ஓட்டுகிறவன் தானே பார்த்து, தானே சரி செய்து, தானே இறங்க வேண்டும். பக்கத்தில் நின்று சொல்ல ஆள் கிடையாது.

"ஐயா, விளக்கைக் காணோம்."

"எரியலையா?"

"எரியறதும் எரியாததும் அப்புறம். விளக்கு வெச்ச இடமே இல்ல."

"மழையில பழுதாகிக் கழட்டியிருப்பாங்க. நீ கண்ணால பார்த்து இறக்கு. உனக்குத் தெரியாததா?"

மேடை பெரிதாகிக்கொண்டு வந்தது. குவாதா மறுபடியும் குழாயில் பேசினான். இந்த முறை குரல் குழம்பியிருந்தது.

"ஐயா, மேடை ஓரத்துல ஒரு ஆள் நிக்கிறார்."

"என்ன செய்றார்?"

"ரெண்டு கையிலயும் மட்டை மாதிரி என்னமோ வெச்சிருக்கார். என்னைப் பாத்து ஆட்டுறார். போர்வை உதறுற மாதிரி... இல்ல, இப்போ தலைக்கு மேல தூக்கிப் பேய் புடிச்ச மாதிரி ஆட்டுறார். யார் ஐயா இவர்?"

இமாவோகாவின் காதிலிருந்து பென்சில் விழுந்தது.

பயிற்சிப் பள்ளியில் எப்போதோ ஒரு நாள், ஆசிரியர் பலகையில் படம் போட்டுக் காட்டியிருந்தார். அமெரிக்கர்களின் கப்பலில் ஓர் ஆள் நின்று, மட்டை காட்டி, ஒவ்வொரு விமானத்தையும் மாட்டை ஓட்டுவது போல ஓட்டிக் கொட்டிலில் சேர்ப்பான் என்று சொன்னபோது வகுப்பே விழுந்து சிரித்தது. இமாவோகாகூட உதட்டளவில் சிரித்திருந்தார். அடுத்தவன் கையைப் பார்த்து இறங்குகிறவனும் ஒரு ஓட்டியா என்று அன்று நினைத்தார்.

"நம்ம கப்பல்ல மட்டை ஆட்ட ஆள் கிடையாது," என்றார்.

குவாதா மேடையை மறுபடியும் பார்த்தான்.

"அப்ப இது..." என்றான் குவாதா.

"ஏறு! ஏறு! சக்கரத்தைத் தூக்கு!"

இயந்திரம் அலறியது. விமானம் மூக்கைத் தூக்கி, மேடையின் மேலேயே, ஆட்களின் தலையை உரசுவது போலப் பறந்து அந்தப் பக்கம் போனது. ஹிராயாமாவும் மற்றவரும் காரணம் தெரியாமலேயே மேலே ஏறித் தொடர்ந்தார்கள். கப்பலுக்கும் இவர்களைப் போலவே திகைப்பு. வெகு தூரம் போன பிறகுதான் பீரங்கிகளுக்கு நினைவு வந்தது. வந்ததும், வட்டமடித்த எல்லா நிழல்களையும் பார்த்து அவை பொதுவாகச் சுட்டன. மேகம் இவர்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

முதலில் குவாதாதான் சிரிக்கத் தொடங்கினான். அடக்க முடியாமல், இருமல் வந்தவன் போலச் சிரித்தான். "வால் கொக்கியைக்கூட எறக்கிட்டேன் ஐயா! இன்னும் ரெண்டு மூச்சுல இறங்கியிருப்பேன். ராத்திரிச் சாப்பாடு அவங்களோடதான். ரொட்டியும் மாட்டிறைச்சியும்."

"இறைச்சி நல்லாருக்கும்னு சொல்வாங்க," என்றான் நிஷிமே பின்னாலிருந்து. பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, ஒண்ணு சொல்லணும். மேடை மேல போறப்போ, சட்டையில்லாம ஒருத்தன் நின்னான். செம்பட்டை முடி. வாயைத் திறந்து என்னையே பாத்தான். நான்... சல்யூட் அடிச்சுட்டேன்."

"எதிரிக்கா?"

"கை தானா போயிடுச்சு ஐயா."

"அவன்?"

"அவனும் அடிச்சான்."

குவாதா மறுபடியும் சிரித்தான். "டார்ப்பிடோவை மட்டும் கடல்ல போடாம வெச்சிருந்தா..."

"வெச்சிருந்தா சக்கரத்தை இறக்கிக்கிட்டு போயிருக்க மாட்டோம். உன் வேலையைப் பார்," என்றார் இமாவோகா.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் மேலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் எங்கே தெரியும் என்று அவர் கோடு சொன்னதோ, அங்கே கப்பல் தெரிந்தது. தெரிந்தது எதிரியின் கப்பல். அப்படியானால் அந்தக் கோடு சரியாக இருந்தது தற்செயல். உண்மையில் அது தவறு. எந்தப் பக்கம் தவறு, எவ்வளவு தவறு என்று தெரிந்தால் திருத்திவிடலாம். அது தெரியவில்லை. கீழே கடல் கறுத்துவிட்டது. அலையைப் பார்த்துக் காற்றைக் கணிக்கவும் வழியில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, இமாவோகா கென்சோவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை.

"பெட்ரோல் எப்படி?"

"ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா வரும் ஐயா. நான் கெஞ்சிக் கூத்தாடினா ஒரு மணி." குவாதா பெட்ரோல் முள்ளை இன்னொரு முறை பார்த்தான். பிறகு, கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைப்பவன் போல மெல்லச் சொன்னான்: "ஐயா, கேட்டுடலாமா?"

"என்ன கேக்கணும்?"

"வழி."

நிஷிமே இருமினான். வேறு எதையோ கவனிப்பவன் போலத் துப்பாக்கியைத் துடைத்தான்.

கேட்பதற்கு ஏற்பாடு இருந்தது. விமானத்திலிருந்து செய்தி அனுப்பினால் தாய்க்கப்பல் நீண்ட ஒலி ஒன்றை அனுப்பும். வளைய வடிவ ஏரியலைத் திருப்பிப் பார்த்து, எந்தத் திசையில் அந்த ஒலி வலுக்கிறதோ அந்தத் திசையில் போகலாம். புறப்படும்போது விமானப் பிரிவுத் தலைவரே, "தேவைப்பட்டால் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் கண் இமாவோகாவின் பக்கம் வரவில்லை. அந்தக் கப்பலில் எல்லோருக்கும் தெரியும், யார் கேட்டாலும் இவர் கேட்க மாட்டார் என்று.

ஒலி அனுப்பினால் எதிரிக்கும் அது கேட்கும், கப்பலுக்கு ஆபத்து என்று ஒரு சாக்கு அவர் மனதில் வந்து நின்றது. அதை அவரே நகர்த்திவிட்டார். கேட்டால் அனுப்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் கப்பல் தலைவர். தனக்கு நாக்கு எழாததற்குக் காரணம் அதுவல்ல என்று தெரிந்த பிறகு, அந்தச் சாக்கின் பின்னால் போய் ஒளிந்துகொள்ள அவருடைய பிறப்பு இடம் கொடுக்கவில்லை.

புத்தாண்டு அன்று காலை அவருடைய அப்பா முதல் கிண்ணம் மதுவைக் கையில் எடுத்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, வருடா வருடம் இரண்டே வாக்கியம் சொல்வார். "நம்ம வீட்ல யாரும் வழி கேட்டதில்லை. நம்ம ஆள் ஏறின கப்பல்ல ஒரு உயிர் போனதில்லை." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வாயில் கவிழ்ப்பார். ஒரே மூச்சில் வந்ததால் கென்சோ அதை ஒரே பெருமை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். இப்போது, கறுத்த கடலின் மேல், அது இரண்டாகப் பிரிந்து எதிரும் புதிருமாக நின்றது. ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் மற்றதை விட வேண்டும்.

குனிந்து முன்னால் பார்த்தார். குவாதாவின் கழுத்துக்குப் பின்னால் சவரம் செய்யாத முடி. திரும்பிப் பின்னால் பார்த்தார். நிஷிமேயின் குனிந்த தலை. அதற்கும் பின்னால், இருட்டில், ஹிராயாமாவின் விமானமும் இன்னொன்றும் இவருடைய வால் விளக்கை நம்பி வந்துகொண்டிருந்தன. இவரையும் சேர்த்து ஒன்பது பேர். ஜலசந்தியின் வாசலில் காத்திருந்த கப்பல்கள், இமாவோகா வீட்டு ஆளுக்கு ஏன் ஏணி இறக்கின? வழி கேட்காதவர் என்பதற்காகவா? ஏறியவர்களைக் கரை சேர்ப்பார் என்பதற்காக. முதல் வாக்கியம் வீட்டுக்குள்ளே சொல்லிக்கொள்வது. இரண்டாவதுதான் கடலில் இருப்பவர்கள் சொல்வது.

"நிஷிமே."

"ஐயா."

"எழுதிக்கோ. 'இருக்கும் இடம் தெரியவில்லை. வழி காட்டவும்.'"

நிஷிமே எழுதவில்லை. அவர் சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்ற சந்தேகம் அவனுக்கு.

"காதில விழலையா?"

"விழுந்துச்சு ஐயா."

"கடைசியில என் பேரைப் போடு. இமாவோகா கென்சோ."

"விமானத்தோட அடையாள எழுத்தே போதும் ஐயா. பேர் போடற வழக்கம் இல்லையே."

"கேட்டது யார்னு தெரியணும். நீ கேட்டதா, குவாதா கேட்டதா யாரும் நெனைக்கக் கூடாது. போடு."

தந்தி விசையைத் தட்டும் சத்தம் கேட்டது. முடிந்தது. நிஷிமே காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினான். ஒன்றும் வரவில்லை. இமாவோகா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்டாகிவிட்டது. இனிப் பதில் வந்தாலும் வராவிட்டாலும், கேட்டது கேட்டதுதான். வினோதமாக, தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது அவருக்கு.

"வருது!" நிஷிமேயின் மெதுவான பேச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "வருது ஐயா, வருது! சங்கு ஊதுற மாதிரி வருது!"

"அப்படியே பிடிச்சுக்கோ. வளையத்தைத் திருப்பு. எங்கே வலுக்குது?"

"இடது... இன்னும் இடது... இங்கதான்!"

அவர் கோடு சொன்ன திசைக்கும் அதற்கும் வெகு வித்தியாசம். அந்தக் கோட்டிலேயே போயிருந்தால், பெட்ரோல் தீரும் இடத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் இருந்திருக்காது. இமாவோகா அந்தத் திருப்பத்தைக் குவாதாவிடம் சொன்னார். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

பின்னால் ஹிராயாமாவின் விமானத்திலிருந்து விளக்கு மினுக்கியது. நிஷிமே படித்தான்: "'எங்கே போகிறாய்?'னு கேக்கிறார் ஐயா."

"'கேட்டேன், சொன்னார்கள், வா'ன்னு அடி."

நிஷிமே அப்படியே அடித்தான். பின்னாலிருந்து மறுபடி மினுக்கியது.

"என்ன?"

"'யார் கேட்டது?'ன்றார் ஐயா."

"நான்னு சொல்."

இரண்டு விமானங்களும் சாய்ந்து திரும்பித் தொடர்ந்தன.

இருட்டு முழுதாக இறங்கிய பிறகு, தொடுவானத்தில் மூங்கில் தூண்கள் போல இரண்டு வெள்ளை ஒளிக் கம்பங்கள் எழுந்து மேகத்தில் முட்டி நின்றன. எதிரி அவ்வளவு அருகில் இருக்கும்போது, கப்பல் தலைவர் தேடுவிளக்குகளை மேலே திருப்பி எரியவிட்டிருந்தார். "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஊருக்கே சொல்லும் வெளிச்சம். குவாதா அதைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் குழாயில் வந்தது.

வட்டமடித்துக் கப்பலின் பின்புறம் வந்தபோது அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. "சிவப்பு இருக்கு. பச்சை இருக்கு. ஓரத்துல ஆள் இல்ல. நல்லாப் பாத்துட்டேன் ஐயா. இறங்கட்டுமா?"

"இறங்கு."

கொக்கி கம்பியைப் பிடித்தது. ஹிராயாமா இறங்கினார். மூன்றாவதும் இறங்கியது. அதற்குப் பிறகும் இருட்டிலிருந்து ஒன்றிரண்டாக விமானங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒலியைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், வெளிச்சத்தைப் பார்த்து வந்தவர்கள். மாலையில் விழுந்தவர்கள் வரவில்லை. அவர்களுக்காக மேடையில் ஒரு வரிசை காலியாகக் கிடந்தது; அதைக் கடக்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

விமானப் பிரிவுத் தலைவர் இமபாரி நகரத்துக்காரர். ஜலசந்தியின் ஒரு கரை அவர் ஊர். மறு கரையில் இமாவோகா வீடு. நடந்ததை இமாவோகா நின்றபடியே, ஒன்றையும் விடாமல் சொன்னார். எதிரிக் கப்பலில் இறங்கப் போனது, மட்டைக்காரன், கோடு தவறியது, கேட்டது. தலைவர் பாதியில் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுக்க வேண்டியிருந்தது. முடிவில், பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இமாவோகா, நீங்க கேட்டதால நாங்க ஒலி அனுப்பினோம். உங்களோட சேர்த்து இன்னும் எத்தனையோ பேர் அதைப் பிடிச்சு வந்து சேர்ந்தாங்க. ஆனா ஒண்ணு பாருங்க. கப்பல் தானாவே ஒலி அனுப்பிச்சுன்னு நான் மேலே சொல்லிடறேன். யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம ஊர்ப்பக்கம் இது தெரிஞ்சா உங்க அப்பா மனசு..."

அவர் சொன்னது உண்மையான அன்பில். இமாவோகாவுக்கு அது புரிந்தது. குதிகால்களைச் சேர்த்து வைத்து, முன்பைவிடச் சற்று நிமிர்ந்தே நின்றார்.

"மன்னிக்கணும் ஐயா. நான் கேட்டதாவே இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் பேரைப் போட்டுக் கேட்டேன். நாளைக்கு இன்னொருத்தன் வழி தெரியாம, கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு மேலே சுத்துவான். அவன்கிட்ட சொல்லுங்க, இமாவோகா வீட்டு ஆளே கேட்டான்னு. எங்க வீட்டுப் பேர் அதுக்காவது ஆகட்டும். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். திட்டுவார். அப்புறம் எத்தனை பேர் வந்து சேர்ந்தாங்கன்னு கேப்பார்."

தலைவர், ஜலசந்தியில் கப்பல் தலைவர்கள் செய்வது போல, தொப்பியின் விளிம்பைத் தொட்டுவிட்டு ஒதுங்கி வழி விட்டார்.

படிக்கட்டில் ஹிராயாமா காத்திருந்தார். "நீ கேக்கலன்னா நானே கேட்டிருப்பேன்," என்றார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே.

"பொய்."

"பொய்தான்." ஹிராயாமா பெருமூச்சு விட்டார். "நீ எனக்கு முன்னாடி போறப்ப நான் கேட்டா, உன்னை நம்பலன்னு ஆயிடும். நீ கேக்க மாட்டேன்னு தெரியும். பெட்ரோல் முள்ளைப் பாத்துக்கிட்டே, இமாவோகாவோட சேந்து சாகறது ஒரு கௌரவம்தான்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன். சனியனே."

"வா. பசிக்குது."

சாப்பாட்டு அறை வாசலிலேயே சிவப்புப் பயற்று இனிப்புக் கஞ்சியின் வாசனை வந்தது. உள்ளே ஆவியும் சத்தமும். குவாதா மேசை ஓரத்தில் ஏறி நின்று, இரண்டு கையிலும் சோற்றுக் கரண்டிகளை வைத்துத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருக்க, சுற்றி நின்றவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நிஷிமே மூன்றாவது கிண்ணத்தில் இருந்தான். கஞ்சி ஊற்றுமிடத்தில், வேறு விமானத்தின் ஓட்டி ஒருவன் வெறும் கிண்ணத்தோடு தயங்கி நின்றான்.

"என்னடா, இன்னொரு கிண்ணம் வேணும்னா வாயைத் திறந்து கேளு," என்று சமையல்காரர் உரக்கச் சொன்னார். "இதுல என்ன வெக்கம்? இமாவோகாவே கேட்டாராம்!"

அறை முழுவதும் சிரித்தது. அப்போதுதான் யாரோ வாசலைப் பார்த்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. குவாதா கரண்டிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். சமையல்காரரின் முகம் வெளிறிப்போனது.

அந்தப் பெயர் ஒரு சமையலறை வேடிக்கையில் அடிபடுவது இதுதான் முதல் தடவை. இமாவோகா வாசலில் நின்று, தனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. காலை வரைக்கும் இருந்த இமாவோகாவாக இருந்தால் வந்திருக்கும். இரைச்சலும் ஆவியும் நிறைந்த அந்த அறையில் பசியோடு இருந்தவர்கள் எல்லோரும், கரை சேர்ந்தவர்கள்.

உள்ளே வந்து, நிமிர்ந்த முதுகோடு பலகையில் உட்கார்ந்தார்.

"சமையல்காரரே, அவனுக்கு ஊத்துங்க," என்றார். "அவன் கிண்ணமே கேட்டுடுச்சு. அடுத்து நான் கேக்கிறேன்."